ஒரு கன்னத்துக்கு மட்டும் அடித்த காற்று

மார்கழி மாதம், விடிவதற்கு முன்னால், சட்டை இல்லாமல் கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்றாலும் எனக்குக் குளிரே தெரியாது. சதுரங்கப்பட்டினத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

கேட்காதீர்கள். பொய். ஃபேனை இரண்டில் வைத்தாலே போர்வையைத் தேடுகிற ஆள் நான். "கடக்கரைல பொறந்தவன்னு வெளிய சொல்லிகினு திரியாத, கடலுக்கே கேவலம்" என்று வீட்டுக்காரி தினமும் சொல்கிறாள்.

நம் வயசுக்காரர்களுக்கு ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேருக்கு மூட்டு வலி. மீதிப் பேருக்கு மூட்டு வலியே இல்லை என்று சாதிக்கிற வியாதி. எல்லார் தலையணைக்கு அடியிலும் ஒரு தைலம் இருக்கிறது. போன வாரம் நானும் முழங்காலில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு 'ஸ்ஸ்ஸ்' என்று உட்கார்ந்திருந்தேன். நர்ஸுக்குப் படிக்கிற பேத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னா தாத்தா, ஜில்லுனு கீதா?"

"ஐஸ் கட்டிய வச்ச மாறி கீது."

அவள் என் முட்டியைத் தொட்டுப் பார்த்தாள். "எனக்கு வெதுவெதுன்னு தான் கீது. புதினா ஒண்ணும் குளிர வைக்காது தாத்தா. குளிர் வந்தா சொல்றதுக்குன்னு தோலுல ஒரு நரம்பு கீது. இது அதுங்கிட்ட போயி 'குளிருது, குளிருது'ன்னு கோள் சொல்லும். அவ்ளோதான்."

"நரம்பு அத நம்பிடுமா?"

"நம்பும். அதுக்கு இன்னா தெரியும்? உன்ன மாறி ஸ்கூல் பக்கமே போகாதது."

இது அநியாயம். நான் பள்ளிக்கூடம் போனவன்தான். மதியம் சோறு போடுகிற நேரத்துக்குச் சரியாகப் போய்விடுவேன்.

அவள் சொன்னதும் எனக்கு என் பெரியப்பாவின் இடது கன்னம்தான் ஞாபகம் வந்தது. அந்தக் கன்னத்தில் இருந்த நரம்பு ஒரு கோளை நம்பியதால் எங்கள் குப்பம் முழுவதும் ஒரு கார்த்திகை மாதம் பட்ட பாடு இருக்கிறதே!

அப்போது ஃபைபர் படகு கிடையாது, எஞ்சின் கிடையாது. கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய கட்டுமரம்தான். சுருக்கமாக 'மரம்' என்போம். மழைக்காலத்தில் மரத்தைக் கடலில் இறக்கலாமா கூடாதா என்று சொல்ல ஊரில் ஒரு ஆள் இருந்தார். அவர்தான் என் அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா. அவருக்குக் காற்றுக்காரர் என்றே பெயர். விடியற்காலையில் கடல் ஓரம் போவார். இரண்டு கையாலும் கடல் தண்ணீரை அள்ளி முகத்திலும் கழுத்திலும் அடித்துக்கொள்வார். துடைக்க மாட்டார். கிழக்கே கடலைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். ஈரமான முகத்தில் எந்த இடம் முதலில் சில்லிடுகிறதோ, அந்தப் பக்கமிருந்து காற்று வருகிறது என்று அர்த்தம். பின்கழுத்து சில்லிட்டால் கரைக்காற்று, தைரியமாகப் போகலாம். வலது கன்னம் என்றால் தெற்குக் காற்று, யோசித்துப் போகலாம். இடது கன்னம் சில்லிட்டால் வாடை. வடக்கே இருந்து வருவது. மழைக்காலத்து வாடை ஏறினால் போனவர்கள் திரும்பி வருவது அம்மன் கையில்.

அவர் நிற்கிறபோது யாரும் இரும மாட்டார்கள். பீடியைக்கூட மணலில் குத்தி அணைத்துவிடுவார்கள். கண்ணைத் திறந்து அவர் "எறக்கு" என்றால் இறக்குவார்கள். "வாணாம்" என்றால் வலையை மடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தூங்குவார்கள். ஏன் என்று கேட்கிற வழக்கமே இல்லை. அந்த ஒரு வார்த்தைதான் பெரியப்பாவின் சொத்து. வேறு சொத்து என்று பார்த்தால், அவரிடம் ஒரு துடுப்பும் ஒரு சொத்தைப் பல்லும் இருந்தன.

பல் இடது பக்கம், கடைவாயில். அந்தக் கார்த்திகையில் அது எழுந்து உட்கார்ந்துகொண்டது. கன்னம் பன்னு மாதிரி வீங்கிவிட்டது. எழுந்தாலும் வலி, படுத்தாலும் வலி. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று பெரியம்மா சொன்னால், கடலில் சுறாவைக் கண்டு பயப்படாத மனுஷன் பல் பிடுங்குகிற குறடை நினைத்து நடுங்கினார்.

பெரியம்மா செங்கல்பட்டுக்குக் கருவாடு விற்கப் போனபோது பஸ் ஸ்டாண்டில் ஒரு தைலக்காரரைப் பிடித்துவிட்டாள். அவர் ஒரு கண்ணாடித் தட்டில் புதினா உப்பு, ஓம உப்பு, பச்சைக் கற்பூரம் மூன்றையும் கொட்டுவாராம். மூன்றும் கட்டி. விரலால் கலந்தால் நெருப்பும் இல்லாமல் தண்ணியும் இல்லாமல் தானாக உருகி எண்ணெய் ஆகிவிடுமாம். "குளிர்ச்சி உள்ள எறங்கி எலும்புல ஒட்டிக்கும் தாயி" என்றாராம். கூட்டமே வாயைப் பிளந்ததாம். பச்சை நிறத்தில் கட்டைவிரல் அளவு பாட்டில், வாயில் நெட்டித் தக்கை அடைத்தது. அந்த மாதிரிப் பாட்டிலை அதற்குப் பிறகு நான் எங்கேயும் பார்க்கவில்லை. அதைத் திறந்தால் கருவாடு காய்கிற எங்கள் தெருவே ஒரு நிமிஷம் கல்யாண வீட்டுத் தாம்பூலத் தட்டு மாதிரி மணக்கும்.

தினமும் படுக்கும்போதும் எழுந்திருக்கும்போதும் பெரியம்மா இடது கன்னத்தில் அதைத் தேய்த்துவிட்டாள். பல்வலி கொஞ்சம் அடங்கியது. பெரியப்பா கடலுக்குப் போனார். முகத்தில் தண்ணீரை அடித்தார். நின்றார்.

"வாடை. வாணாம்."

எல்லோரும் திரும்பிப் போய்விட்டார்கள். பொழுது விடிந்தது. கடல், தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி, அசையாமல் கிடந்தது. தெற்கே இருக்கிற பக்கத்துக் குப்பத்துக்காரர்கள் போய் மரம் நிறையக் கவலை மீன் கொண்டுவந்தார்கள்.

மறுநாளும் வாடை. அன்றும் கடல் அசையவில்லை. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. பக்கத்துக் குப்பத்துப் பெண்கள் மீன் கூடையோடு எங்கள் தெரு வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போவார்கள். அந்த வாரம் வேண்டுமென்றே மெதுவாக நடந்தார்கள். எங்கள் தெருப் பெண்கள் காலிக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி பெரியப்பா முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள்.

"அண்ணாத்த, வூட்ல சோறு வெந்துகினு கீது. கொழம்புக்கு உன் காத்தயா போடறது?"

பெரியம்மாவின் தம்பி, எனக்கு மாமா, அவர் சும்மாவே வாய்க்காரர். "இன்னா மச்சான், அந்த வாடைய எங்க வச்சிகினு கீற? இடுப்புல முடிஞ்சிகினியா? அவுத்து வுடேன், நாங்களும் பாக்கறோம்" என்றார். கரையே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்குப் புரிந்து சிரிக்கவில்லை. எங்கே சிரிப்பு நடந்தாலும் கலந்துகொள்வது அப்போதிருந்தே பழக்கம்.

பெரியப்பா சிரிக்கவில்லை. அவருடைய அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, கடைசிக் காலம் முழுவதும் படுக்கையிலேயே போனது. அந்த பயம் இவருக்கு வந்துவிட்டது. யாரும் பார்க்காதபோது இடது கன்னத்தைக் கிள்ளிக் கிள்ளிப் பார்ப்பார்.

"எனக்கு இந்தப் பக்கம் செத்துப் போச்சுடி" என்றார் பெரியம்மாவிடம்.

பெரியம்மா கையை வைத்துப் பார்த்தாள். "செத்த கன்னம் இப்டிக் காயுமா? அடுப்பு மாறி கீதுய்யா."

"ஜில்லுனு கீதுடி."

"சூடா கீதுன்றேன்!"

"என் கன்னமா, உன் கன்னமா?"

இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான் என்று இப்போது தெரிகிறது. ஒரே கன்னம், வெளியிலிருந்து தொட்டால் நெருப்பு, உள்ளே இருக்கிறவருக்கு ஐஸ். அன்றைக்கு அது யாருக்கும் உறைக்கவில்லை. சூட்டை இறக்க வேண்டும் என்று பெரியம்மா இன்னும் கொஞ்சம் தைலம் தேய்த்தாள். வாடை இன்னும் கொஞ்சம் பலமாக அடித்தது. கடலில் முகம் கழுவினால் தைலம் போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அது எண்ணெய். உப்புத் தண்ணீருக்கெல்லாம் அசையுமா? ஈரம் பட்டதும் அதற்கு இன்னும் குஷி.

அம்மன் கோயில் வாசலில் பஞ்சாயத்துக் கூடியது. சண்டை ஒன்றும் இல்லை. பெரியவர்கள் பேச ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே பெரியப்பா எழுந்தார். "மச்சானே பாக்கட்டும். எனக்கு முடில" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். துடுப்பைக் கூரையில் சொருகினார். என் நைனா, அதாவது என் அப்பா, அவருக்குக் கூடப்பிறந்த தம்பி. அவரே அடுத்த நாளிலிருந்து மாமாவின் மரத்தில் போக ஆரம்பித்தார். பெரியப்பா அதைப் பார்த்துக்கொண்டே வாசலில் உட்கார்ந்திருந்தார்.

மாமா காற்றுப் பார்க்கிற அழகு தனி. அவருக்குக் குளிர் ஆகாது. கம்பளிக் குல்லாவைக் காது, கன்னம் எல்லாம் மூடக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டு வருவார். உள்ளங்கையில் தண்ணீரைத் தொட்டு மூக்கு நுனியில் வைப்பார். உடனே, "எறக்கு!" நல்லவேளை, அந்தச் சமயம் கடல் சமர்த்தாக இருந்தது. மாமாவை விடுங்கள், பனைமரத்தில் கட்டிய கோவணம்கூட அந்த வாரம் சரியாகத்தான் சொல்லியிருக்கும்.

இதற்கு நடுவில் நான் கடல் ஓரத்தில் இடிந்து கிடக்கிற பழைய கோட்டைச் சுவரில் ஏறினேன். வீரத்தைக் காட்டத்தான் ஏறினேன். ஏறியது நான் மட்டும்தான். இறங்கியது நான் மட்டும் இல்லை, நாலு செங்கல்லும் கூட. முட்டி வீங்கிவிட்டது. பெரியம்மா திட்டிக்கொண்டே அதே பச்சைப் பாட்டிலிலிருந்து முட்டியில் தேய்த்து, அடுப்படியில் உட்காரவைத்தாள். வெளியே மழை. கதவு சாத்தியிருந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மூலையில் பெரியப்பா கன்னத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பெரிம்மா, கதவ சாத்து. காத்து அடிக்குது."

"சாத்தி தாண்டா கீது."

"முட்டிக்கு மட்டும் அடிக்குது பெரிம்மா."

"வாய்க்கு மட்டும் அடிக்கவா?" என்று கரண்டியை ஓங்கினாள்.

பெரியப்பா துண்டை அவிழ்த்தார். பாட்டிலை எடுத்து நெட்டியைப் பிடுங்கினார். இந்தத் தடவை வலது கன்னத்தில் தேய்த்தார். சொம்புத் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு, அடுப்புக்கு எதிரில் கண்ணை மூடி நின்றார். கடலுக்கு எதிரில் நிற்கிற அதே நிற்பு. பெரியம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"வூட்டுக்குள்ள தெக்கத்திக் காத்து அடிக்குதுடி!"

"அய்யோ, பைத்தியமே புட்சிகிச்சா?"

"இந்தா, நீ வச்சிப் பாரு."

பெரியம்மா உச்சந்தலையில் ஒரு சொட்டு வைத்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கூரையையே பார்த்தாள். "ஆமாய்யா. எனக்கு மேலருந்து அடிக்குது."

அவர் சிரித்த சிரிப்பில் வலிக்கிற பல் தெரிந்தது. எத்தனையோ நாள் கழித்துச் சிரித்தார். கன்னம் சாகவில்லை. உடம்பு கெடவில்லை. பாட்டில் பொய் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த மழையிலேயே ஓடிப்போய் வலை மடிக்கிற கொட்டகையில் இருந்தவர்களிடம் சொன்னார். போகாமல் இருந்திருக்கலாம்.

"இரு இரு மச்சான்" என்றார் மாமா. "இடக்கன்னத்துல வச்சா வாடை. வலக்கன்னத்துல வச்சா தெக்கத்தி. அப்ப பின்கழுத்துல ஒரு சொட்டு வச்சிக்க, தெனமும் மரம் எறக்கலாம்!"

கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். ஒரு மனுஷன் தப்புச் செய்தால் மன்னித்துவிடுவார்கள். தப்புக்குக் காரணம் சொன்னால் மன்னிக்க மாட்டார்கள். அன்றிலிருந்து ஊரில் அவர் பெயர் புதினா.

அன்றோடு தைலத்தை விட்டார். பல்வலி முழுசாகத் திரும்பி வந்தது. சாம்பலும் சீயக்காயும் போட்டுக் கன்னத்தைத் தோல் சிவக்கத் தேய்த்துக் கழுவினார். யாரும் கூப்பிடாமலேயே மறுநாள் விடியலில் கரைக்கு வந்தார். எனக்கு முட்டி வலி, தூக்கம் இல்லை. நானும் நொண்டிக்கொண்டு பின்னால் போனேன். கூட்டத்திலிருந்து தள்ளி நின்று முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டார். வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். பிறகு நேராக மாமாவிடம் போனார். மாமாவின் மரம் பாதித் தண்ணீரில் இருந்தது. முனையைப் பிடித்துக்கொண்டு நின்றது என் நைனா.

"மச்சான், இன்னிக்கு எறக்காத."

"எந்தக் கன்னம்?"

"இடது."

சிரிப்பு. கடலோ அமைதியாகத்தான் இருந்தது. அலை, சின்னப் பிள்ளை நாக்கை நீட்டுகிற மாதிரி வந்து வந்து போனது.

"நேத்து எவ்ளோ தடவன?"

"தடவல. வேணும்னா மோந்து பாரு."

மாமா கன்னத்தில் மூக்கை வைத்து மோந்தார். "சாம்ப நாத்தம் தான் வருது. ஆனா இன்னா, அது உள்ள எறங்கி எலும்புல ஒட்டிகினு இருக்கும். தைலக்காரனே சொல்லிகீறான். நவுரு மச்சான், பேஜாரு பண்ணாத."

பெரியப்பா நகரவில்லை. மரத்துக்கும் கடலுக்கும் நடுவில், முழங்கால் தண்ணீரில் நின்றார். அவர் கத்துவார், இல்லாவிட்டால் அழுவார் என்று பார்த்தேன். இரண்டும் இல்லை.

"என் மூஞ்சிய நம்பாதீங்க" என்றார். "சரி. உங்க மூஞ்சிய நம்புவீங்க இல்ல? தண்ணிய அட்சிகினு நின்னு பாருங்க. அப்பறம் போங்க, நான் குறுக்க வரல."

யாரும் அசையவில்லை. ஊரில் ஒருத்தர் முகம் நனைத்தால் போதும் என்று இருந்தவர்கள். அவர் பார்க்கிறபோது தாங்களும் பார்ப்பது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்கள். ஒருத்தருக்குக்கூட அது பழக்கம் கிடையாது.

மரத்தின் முனையை முதலில் விட்டது என் நைனா. தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். குனிந்து தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்தார். அண்ணன் பக்கம் திரும்பாமல் கிழக்கே பார்த்துக் கண்ணை மூடினார். அவர் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டால் கடலுக்குப் போய்விடுவார். போனால்?

"அண்ணே" என்றார் மெதுவாக. "எனக்கும் இடது தான்."

அதற்குப் பிறகு ஒவ்வொருத்தராக முகத்தை நனைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஆம்பளை ஆள்கள் அத்தனை பேரும், பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனைக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு. ஒருத்தர் கை தானாக இடது கன்னத்துக்குப் போனது. பிறகு இன்னொருத்தர் கை. நானும் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன். எனக்கு மூக்கில்தான் சில்லிட்டது. அது சளி.

கடைசியில் மாமா மட்டும் பாக்கி.

"குல்லாவ கழட்டு மச்சான்" என்றார் பெரியப்பா.

மாமா கழற்றினார். அவர் முடியை நான் முதல் தடவையாக அன்றைக்குத்தான் பார்த்தேன். இவ்வளவு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. முகத்தை நனைத்தார். நின்றார். கண்ணைத் திறந்தார். மரத்துக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கரைப் பக்கம் இழுக்க ஆரம்பித்தார். எல்லோரும் போய் ஒரு கை கொடுத்தார்கள்.

வெயில் ஏறுவதற்குள் வாடை வந்துவிட்டது. உச்சிப் பொழுதில் மணல் பறந்து கண் திறக்க முடியவில்லை. அலை கோட்டைச் சுவர் வரைக்கும் வந்து நுரையைத் துப்பிவிட்டுப் போனது. பக்கத்துக் குப்பத்திலிருந்து கடலுக்குப் போனவர்கள் சாயங்காலம் ஆளுக்கொரு உடைந்த கட்டையைப் பிடித்துக்கொண்டு எங்கெங்கேயோ கரை ஒதுங்கினார்கள். ஆள்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். மரங்கள் வரவில்லை. எங்கள் ஆள்கள் கயிறு எடுத்துக்கொண்டு போய் அவர்களைக் கரைக்கு இழுத்துவிட்டார்கள். அன்றைக்கு ஒருத்தரும் பெரியப்பாவைப் புதினா என்று கூப்பிடவில்லை.

காற்று அடங்கிக் கடல் தெளிந்த முதல் விடியல். பெரியப்பா துடுப்பை எடுத்துத் தோளில் சாத்திக்கொண்டு, நிமிர்ந்த நடையாகக் கரைக்குப் போனார். பெரியம்மா வாசல் வரைக்கும் வந்து பார்த்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். இன்றைக்கு எல்லோரும் பீடியை அணைத்துவிட்டுக் காத்திருப்பார்கள் என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

போய்ப் பார்த்தால், அவர் வழக்கமாக நிற்கிற இடத்தில் எல்லோரும் ஏற்கெனவே வரிசையாக நிற்கிறார்கள். ஈர முகம், மூடிய கண். என் மூஞ்சிய நம்பாதீங்க என்று அவர் சொன்னதை ஊர் அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டது.

பெரியப்பா துடுப்பை மணலில் ஊன்றிவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார். பக்கத்தில் மாமா, குல்லா இல்லாமல், குளிரில் நடுங்கிக்கொண்டு. ஒரு கண்ணைத் திறந்து கேட்டார்:

"இன்னா மச்சான், உனக்கு எந்தப் பக்கம்?"

"எனக்கு பல்லு வலிக்குதுடா. நீ சொல்லு."

வரிசை முழுவதும் சிரித்தது. இந்தத் தடவை அவரும் சேர்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன், சொல்ல வேண்டுமா? அவர் தமாஷ் பண்ணுகிறார் என்றுதான் இவ்வளவு வருஷமும் நினைத்திருந்தேன். போன வாரம் பேத்திக்கு இதைச் சொல்லிக்கொண்டு வரும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அந்த வரிசையில் எல்லார் தாடையிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் முகம் மட்டும் காய்ந்திருந்தது. அன்றைக்கு அவர் தண்ணீரைத் தொடவே இல்லை. 'நீ சொல்லு' என்றது தமாஷ் இல்லை, நிஜம்.

அந்தப் பல்லைப் பிடுங்கச் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினோம். தைரியத்துக்கு நான் துணை, பாருங்கள். திருக்கழுக்குன்றம் தாண்டுகிற வரைக்கும் பெரியப்பா கன்னத்தைப் பிடித்துக்கொண்டே வந்தார். பிறகு ஜன்னலை இறக்கிவிட்டு என் காதில் மெதுவாக, "டேய், அந்தக் குறடு எவ்ளோ நீளம்..."

"யோவ்! உன்ன தான்! தொட்டி ரொம்பி தெருவுல ஓடிகினு கீது, மோட்டார நிறுத்துன்னு எத்தினி வாட்டி கத்தறது? இன்னா பண்ணிகினு கீற அங்க?" என்று வீட்டுக்காரி கத்துகிறாள்.

"தோ, வந்துட்டேன்டி."